பணக்கார ஊர்ப் பட்டியலில் என்னதான் இருக்கிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் வருடம் தவறாமல் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ‘பணக்கார ஊர்கள் டாப் 10’ என்று ஒரு பட்டியல் வந்துவிடுகிறது. குடும்ப வருமானம், வீட்டு விலை இரண்டையும் சேர்த்து ஊர்களுக்கு ரேங்க் போடுகிறார்கள். அங்கே வேலை பார்க்கும் நம் வாசகர்கள் பலர் அதைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்கள். கிட்டத்தட்ட எல்லாக் கடிதங்களுமே வீடு வாங்குவதில்தான் வந்து நிற்கின்றன என்பதால் இந்த இதழ் முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறேன் சார். ஒரு பட்டியலில் ஷார்ட் ஹில்ஸ் உச்சியில் இருக்கிறது. இன்னொன்றில் அந்தப் பெயரே இல்லை, மில்பர்ன் என்று போட்டுக் கீழே தள்ளியிருக்கிறார்கள். இரண்டு பேருமே அரசுக் கணக்கை வைத்துத்தான் போட்டோம் என்கிறார்கள். எதை நம்புவது?

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. ஷார்ட் ஹில்ஸ் தனி நகராட்சி கிடையாது, மில்பர்ன் டவுன்ஷிப் என்ற நகராட்சிக்குள் இருக்கும் ஒரு பகுதி. தனி மேயர் இல்லை, தனி கவுன்சில் இல்லை. ஆனால் மக்கள் பெயர் சொல்லி அழைக்கும் இப்படிப்பட்ட இடங்களுக்கும் சென்சஸ் துறை ஒரு எல்லை வரைந்து தனிக் கணக்கு வெளியிடுகிறது. பட்டியல் போடுகிறவர் அந்தக் கணக்கை எடுத்தால் ஷார்ட் ஹில்ஸ் தனியாக ஜொலிக்கும். நகராட்சி வாரியாக எடுத்தால் மில்பர்னோடு கலந்துவிடும். கோடு எங்கே விழுகிறது என்பதிலேயே பாதி ரேங்க் முடிவாகிவிடுகிறது.

உங்கள் மாநிலத்தில் இப்போது 564 நகராட்சிகள். 2021 கடைசி வரை 565 இருந்தன. பைன் வேலி என்று ஒரு ஊர், புகழ்பெற்ற கோல்ஃப் மைதானம் ஒன்றைச் சுற்றி அமைந்தது, 2020 கணக்கெடுப்பில் அங்கே 21 பேர்தான். 2022 ஜனவரியில் அதைப் பக்கத்து ஊரான பைன் ஹில்லோடு சேர்த்துவிட்டார்கள். 21 பேர் இருந்த அந்த ஊரும் 3 லட்சம் பேருக்கு மேல் வாழும் நெவார்க்கும் பட்டியலில் ஆளுக்கு ஒரு இடம்தான். சின்ன ஊர் என்றால் நாலைந்து பணக்காரக் குடும்பங்கள் வந்தாலே மேலே போய்விடும், பெரிய நகரத்தில் எல்லாத் தரப்பும் கலந்து இருப்பதால் அது மேலே ஏறவே முடியாது.

அடுத்து, எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்க்க வேண்டும். பத்தாண்டுக்கு ஒரு முறை எடுக்கும் சென்சஸில் வருமானம் கேட்பதில்லை. ‘அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே’ என்று தொடர்ந்து ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது, வருடத்துக்குச் சுமார் 35 லட்சம் முகவரிகளுக்குப் படிவம் போகும். 65,000 பேருக்கு மேல் வாழும் இடங்களுக்கு மட்டும் ஒரு வருடக் கணக்கு கிடைக்கும். மற்ற ஊர்களுக்கெல்லாம் ஐந்து வருடத்தைச் சேர்த்துப் போட்ட கணக்குதான். பணக்கார ஊர்கள் பெரும்பாலும் சின்ன ஊர்கள். ஆகவே ‘2023 பட்டியல்’ என்று நீங்கள் படிப்பது 2019 முதல் 2023 வரை வந்த பதில்களின் கலவை. அதில் கொரோனா காலமும் இருக்கிறது, வட்டி மூன்று சதவீதத்துக்குக் கீழே போன காலமும் இருக்கிறது, பிறகு அது எகிறிய காலமும் இருக்கிறது.

அப்புறம் பிழை அளவு. சில நூறு குடும்பங்களைக் கேட்டு ஒரு ஊரின் கதையைச் சொல்வதால், சென்சஸ் துறை ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ‘இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம்’ என்று நேர்மையாகப் போட்டுவிடுகிறது. ஒரு ஊருக்கு 1,90,000 டாலர், கூடக்குறைய 30,000 என்று இருக்கிறது, அடுத்த ஊருக்கு 1,82,000, கூடக்குறைய 25,000 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் யார் முதல், யார் இரண்டாவது என்று யாராலும் சொல்ல முடியாது. பட்டியல் போடுகிறவர்களோ அந்தக் கூடக்குறையக் கணக்கை அப்படியே வெட்டிவிட்டு 7, 8, 9 என்று வரிசை எண் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் உண்மையாகவே கோபம் வருகிறது, ஏனென்றால் அந்த 7-க்கும் 9-க்கும் நடுவில் ஒரு குடும்பம் ஒரு லட்சம் டாலர் அதிகம் கொடுத்து வீடு வாங்குகிறது.

உச்சியில் இன்னொரு சிக்கல். இடைநிலை வருமானம், அதாவது எல்லாக் குடும்பங்களையும் வருமானப்படி வரிசையாக நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்பவரின் வருமானம், 2,50,000 டாலரைத் தாண்டிவிட்டால் சென்சஸ் துறை ‘2,50,000-க்கு மேல்’ என்று மட்டும் எழுதும். வீட்டு விலைக்கும் இதே கதை, 20 லட்சம் டாலருக்கு மேல் போனால் ‘20 லட்சத்துக்கு மேல்’, அவ்வளவுதான். மிகப் பணக்கார ஊர்கள் எல்லாம் ஒரே எண்ணில் முட்டிக்கொண்டு நிற்கும். அப்போது முதல் இடத்தை முடிவு செய்ய வேறு ஏதாவது ஒன்றைத் தேடுகிறார்கள். சிலர் சராசரிக்குப் போகிறார்கள். புளூம்பெர்க் நாடு முழுக்கப் போட்ட பட்டியலில் கலிஃபோர்னியாவின் ஏதர்ட்டன் தொடர்ந்து முதலில் வந்தது சராசரி வருமானத்தால்தான், 2020-ல் அது 5 லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. சராசரியில் ஒரே ஒரு கோடீஸ்வரர் தெரு முழுவதையும் மேலே தூக்கிவிடுவார் என்பது நினைவிருக்கட்டும்.

அந்த வருமானத்திலும் எல்லாம் அடங்கவில்லை. சம்பளம், வட்டி, டிவிடெண்ட், ஓய்வூதியம் எல்லாம் உண்டு. பங்கையோ வீட்டையோ விற்றுச் சம்பாதித்த லாபம் கிடையாது. கம்பெனிப் பங்குகளை விற்று வாழ்கிறவர்கள் நிறைந்த ஊரில் இது சின்ன விஷயமே இல்லை. வீட்டு விலை எப்படி வருகிறது தெரியுமா? இந்த வீட்டை இன்றைக்கு விற்றால் எவ்வளவு போகும் என்று நினைக்கிறீர்கள் என்று வீட்டுக்காரரையே கேட்கிறார்கள். அவர் நினைப்பதுதான் எண். பத்திரப் பதிவையோ விற்பனை விலையையோ பார்த்து எழுதுவதில்லை.

ஆகவே உங்கள் ஊர் மாநிலத்தில் முதல் ஐம்பதுக்குள் இருக்கிறதா, நடுவில் இருக்கிறதா என்ற அளவுக்குப் பட்டியலை நம்பலாம். எத்தனையாவது என்பதை நம்ப வேண்டாம்.

கேள்வி: பெவர்லி ஹில்ஸ் பெயர் கலிஃபோர்னியாப் பட்டியலின் உச்சியில் ஏன் வருவதில்லை? அங்கே இல்லாத பணமா?

பணம் உண்டு, ஆனால் அங்கே பாதிக்கு மேல் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். மலைப்பக்கம் மாளிகைகள், வில்ஷயர் சாலைக்குத் தெற்கே வரிசையாக அடுக்குமாடிகள். எல்லோரையும் வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரைப் பிடித்தால் அவர் மாளிகைக்காரராக இருக்க மாட்டார். கொலராடோவின் ஆஸ்பென்னில் இது இன்னும் முற்றிய நிலை. வீடுகள் பல கோடி டாலருக்குக் கைமாறும், ஆனால் அவற்றை வைத்திருப்பவர்களில் நிறையப் பேர் பனிச்சறுக்குக் காலத்துக்கு மட்டும் வந்து போகிறவர்கள். ஒரு முகவரியில் இரண்டு மாதத்துக்கு மேல் தங்குபவரைத்தான் அந்த சர்வே அங்கே வாழ்பவராக எண்ணும். அதனால் கணக்கில் மிஞ்சுவது ஹோட்டலிலும் கடைகளிலும் வேலை செய்கிற உள்ளூர் ஜனங்களின் வருமானம். கல்லூரி ஊர்களில் வெளியே அறை எடுத்துத் தங்கும் மாணவர்கள் இதே போல எண்ணைக் கீழே இழுத்துவிடுவார்கள்.

கேள்வி: 2023-ல் கலிஃபோர்னியாவின் கூப்பர்ட்டினோவில் 25 லட்சம் டாலருக்கு வீடு வாங்கினோம். இரண்டு பேரும் ஐ.டி.யில் இருக்கிறோம். பட்டியல்படி நாங்கள் பணக்கார ஊரின் பணக்காரக் குடும்பம். மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓய்வு பெற்றுப் பல வருடமாகிறது, நிம்மதியாக இருக்கிறார். நாங்கள் எங்கே தப்பு செய்கிறோம்?

நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. பட்டியல் பார்ப்பது வருமானமும் வீட்டு விலையும். கடன் என்று அதில் ஒரு பத்தி இல்லை, சேமிப்பு என்று ஒரு பத்தி இல்லை. சொத்து என்பது இருப்பதிலிருந்து கடனைக் கழித்தால் மிஞ்சுவது, அதை இந்த சர்வே கேட்பதே இல்லை.

பெரியவர் 1985-ல் 2 லட்சம் டாலருக்கு வாங்கினார் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 1978-ல் கலிஃபோர்னிய மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த ‘புரொபொசிஷன் 13’ என்ன சொல்கிறது என்றால், அடிப்படைச் சொத்து வரி என்பது வீட்டின் மதிப்பில் ஒரு சதவீதம்தான், அந்த மதிப்பும் வாங்கிய விலையிலிருந்து தொடங்கி வருடத்துக்கு அதிகபட்சம் இரண்டு சதவீதம்தான் ஏறலாம். வீடு விற்றுக் கைமாறினால் மறுபடி சந்தை விலையிலிருந்து தொடங்கும். நாற்பது வருடம் ஏறினாலும் பெரியவரின் அடிப்படை வரி 4,500 டாலரைத் தாண்டாது. உங்களுக்கு அதே தெருவில், அதே மாதிரி வீட்டுக்கு, 25,000 டாலர். உள்ளூர்க் கூடுதல்கள் தனி.

இதற்கு மேல் வட்டி. 2021 தொடக்கத்தில் முப்பது வருட வீட்டுக் கடன் மூன்று சதவீதத்துக்கும் கீழே கிடைத்தது. 2023 அக்டோபரில் எட்டு சதவீதத்தை எட்டிப் பார்த்தது. பத்து லட்சம் டாலர் கடனுக்கு மூன்று சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 4,200 டாலர், ஏழரை சதவீதம் என்றால் சுமார் 7,000. வாங்கிய வருடம் மாறினால் வாழ்க்கையே மாறிவிடுகிறது. பெரியவருக்குப் பெரும்பாலும் கடனே முடிந்திருக்கும். பட்டியலில் அவர் குறைந்த வருமானக் குடும்பம், நீங்கள் உயர்ந்த வருமானக் குடும்பம். மருத்துவச் செலவோ லேஆஃபோ வந்தால் தாக்குப்பிடிப்பது அவர்தான். ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேரும்வரை வீட்டுக்கு வேறு எந்தச் செலவும் இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டாம். அடுக்களையை இடித்துக் கட்டுவதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: பட்டியலை எத்தனை வருடம் புரட்டினாலும் அதே ஊர்கள்தான் மேலே இருக்கின்றன. ஏதர்ட்டன், நியூயார்க்கில் ஸ்கார்ஸ்டேல், டெக்ஸஸில் ஹைலண்ட் பார்க். எப்படி?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்த இதழே. அந்த ஊர்க்காரர்களுக்கு அதிர்ஷ்டம் கூடுதல் என்பதெல்லாம் இல்லை. வசதி குறைந்தவர் உள்ளே வரவே முடியாதபடி சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள், ஆகையால் வசதியானவர்கள் மட்டும் இருக்கிறார்கள்.

ஏதர்ட்டன் 1923-ல் தனி ஊராகப் பதிவானது. பெரும்பகுதியில் ஒரு மனைக்குக் குறைந்தபட்சம் ஒரு ஏக்கர் வேண்டும், அதாவது 43,560 சதுர அடி. கலிஃபோர்னியாவிலேயே இருக்கும் லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸ் 1956-ல் தனி ஊரானது, அங்கேயும் ஒரு ஏக்கர்தான். 5,000 சதுர அடி மனையாகப் பிரித்தால் எட்டு குடும்பம் வாழக்கூடிய நிலத்தில் ஒரு குடும்பம். நிலத்தின் விலை மொத்தமும் அந்த ஒரு குடும்பத்தின் தலையில் விழும். யாரால் தாங்க முடியுமோ அவர் மட்டும் உள்ளே வருவார். ஹைலண்ட் பார்க்கும் அதை ஒட்டிய யூனிவர்சிட்டி பார்க்கும் டாலஸ் மாநகரத்தின் வயிற்றுக்குள் இருக்கின்றன, ஆனால் தனி நகராட்சி, தனிப் பள்ளி நிர்வாகம். கலிஃபோர்னியாவின் ஓக்லண்டுக்குள் பீட்மாண்ட் இருப்பதும் இப்படித்தான். சுற்றிலும் பெரிய நகரம், அதன் வேலைவாய்ப்பு, சாலை எல்லாம் வேண்டும், வரியை மட்டும் அதோடு பகிர வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் அடித்தளம் 1926-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒஹையோவின் யூக்ளிட் என்ற கிராமம் சம்பந்தமாகக் கொடுத்த தீர்ப்பு. எந்த நிலத்தில் எந்த வகைக் கட்டடம் வரலாம் என்று ஊரே முடிவு செய்யலாம் என்றார்கள். அந்தத் தீர்ப்பில், தனி வீடுகள் உள்ள இடத்தில் வரும் அடுக்குமாடியை ஒட்டுண்ணி என்றே எழுதியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட அடுக்குமாடியில்தான் நம்மில் எத்தனை பேர் முதல் வேலை கிடைத்துப் போய் இறங்கினோம்.

இதை எதிர்த்து நின்றவர்களையும் சொல்ல வேண்டும். நியூ ஜெர்சியில் மவுண்ட் லாரல் என்ற டவுன்ஷிப். எத்தல் லாரன்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணியின் குடும்பம் பல தலைமுறையாக அங்கே வாழ்ந்தது. புதிது புதிதாகப் பெரிய வீடுகள் வர, அவருடைய பிள்ளைகளுக்கே சொந்த ஊரில் கட்டுப்படியாகும் வீடு இல்லை என்றானது. அவர்கள் 36 அடுக்ககங்கள் கட்ட அனுமதி கேட்டார்கள், ஊர் மறுத்தது. வழக்கு போனது. 1975-ல் மாநில உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு ஊரும் எளியவர்களுக்கான வீட்டிலும் தன் பங்கை ஏற்க வேண்டும் என்றது. ஊர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1983-ல் இன்னும் கடுமையாக ஒரு தீர்ப்பு, 1985-ல் ஒரு சட்டம். கடைசியில் அவர் பெயரிலேயே குடியிருப்பு திறந்தது 2000-ல். அதற்குள் எத்தல் லாரன்ஸ் காலமாகி ஆறு வருடம் ஆகிவிட்டது. 36 வீடுகளுக்காக ஆரம்பித்த சண்டை முப்பது வருடம்!

ஊர்கள் எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு உட்சைட் ஒரு உதாரணம். 2021-ல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டது, தனி வீட்டு மனையில் இரண்டு குடும்ப வீடு கட்டலாம், மனையைப் பிரிக்கலாம் என்று. சிலிக்கான் வேலியில் இருக்கும் உட்சைட் நிர்வாகம் 2022 தொடக்கத்தில் ‘எங்கள் ஊர் முழுக்க மலைச் சிங்கம் வாழும் இடம், எனவே இந்தச் சட்டம் இங்கே செல்லாது’ என்று அறிவித்தது. அதே ஊரில் மாளிகை கட்ட அந்தச் சிங்கம் ஒருநாளும் தடையாக இருந்ததில்லை. மாநில அட்டர்னி ஜெனரல் கடிதம் எழுதியதும் பின்வாங்கிக்கொண்டார்கள்.

நீங்கள் பார்க்கும் ரேங்க்கில் இவ்வளவும் அடங்கியிருக்கிறது. அந்த ஊரில் பாடம் நடத்தும் ஆசிரியர், தீயணைப்பு வீரர், வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் செவிலியர் எல்லோரும் ஒரு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் வருமானம் வேறு ஊர்க் கணக்கில் விழுகிறது. அவர்களும் அங்கேயே குடியிருந்தால் ரேங்க் இறங்கும், ஊர் நிச்சயமாக மோசமாகாது.

கேள்வி: நீங்கள் சொல்வது நியாயம்தான், ஆனால் கஷ்டப்பட்டு வாங்கிய வீட்டுக்குப் பக்கத்தில் மலிவு வீடுகள் வந்தால் எங்கள் வீட்டு விலை விழாதா? எங்கள் டவுன்ஷிப்பில் இப்போது இதே பேச்சுதான், எதிர்த்துக் கையெழுத்து வாங்குகிறார்கள்.

பயம் புரிகிறது, அதற்காகக் கையெழுத்து போட்டுவிடாதீர்கள். மவுண்ட் லாரலிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக சமூகவியலாளர் டக்ளஸ் மாஸியும் குழுவினரும் அந்தக் குடியிருப்பு வந்த பிறகு சுற்றியுள்ள பகுதிகளின் வீட்டு விலை, குற்றம், வரி மூன்றையும், அதே மாதிரியான மற்ற ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குடியிருப்பால் எந்தப் பாதிப்பும் இல்லை. உள்ளே குடிவந்த குடும்பங்களுக்கு வேலையும் பிள்ளைகளின் படிப்பும் மேம்பட்டன. அக்கம்பக்கத்தில் இருந்த நிறையப் பேருக்கு அப்படியொரு குடியிருப்பு அங்கே இருப்பதே தெரிந்திருக்கவில்லை.

கவுன்சில் கூட்டத்துக்குப் போங்கள். அந்தக் குடியிருப்பின் வரைபடத்தை விரித்துக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை வீடு, எத்தனை மாடி, தண்ணீர் எங்கே வடியும், பள்ளிப் பேருந்து எப்படித் திரும்பும் என்று கேளுங்கள். அதெல்லாம் நியாயமான கேள்விகள். ‘அந்த மாதிரி ஆட்கள் வருவார்கள்’ என்று யாராவது ஆரம்பித்தால், நம்மைப் பற்றியும் ஒரு காலத்தில் இதே பேச்சு பேசப்பட்டது என்பதை எழுந்து நின்று சொல்லுங்கள்.

கேள்வி: அம்மா, அப்பா, மாமியார், நாத்தனார் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள், முதல் பத்து ஊருக்குள் வாங்கினால்தான் பெண்ணுக்கு நல்ல பள்ளி கிடைக்குமாம். கணவருக்கும் அதே எண்ணம். எங்கள் வருமானத்துக்கு அது மூச்சுமுட்டும். என்ன செய்ய? (மகளுக்கு வயது ஆறு)

பணக்கார ஊருக்கும் பள்ளிக்கும் தொடர்பு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நேரடித் தொடர்பு உண்டு, அதுவே ஒரு பழைய காயம். டெக்ஸஸில் சான் ஆன்டோனியோ பக்கம் எட்ஜ்வுட், ஆலமோ ஹைட்ஸ் என்று இரண்டு பள்ளி மாவட்டங்கள், அதாவது தாங்களே வரி போட்டுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகங்கள். 1967-68 கல்வியாண்டில் ஏழை எட்ஜ்வுட் 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி போட்டு, ஒரு மாணவருக்கு 26 டாலர் திரட்டியது. பணக்கார ஆலமோ ஹைட்ஸ் 85 சென்ட்தான் வரி போட்டது, ஒரு மாணவருக்கு 333 டாலர் கிடைத்தது. அதிக வரி கட்டியவர்களின் பிள்ளைக்குக் குறைந்த பணம். எட்ஜ்வுட் பெற்றோர் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1973-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றார்கள். பிறகு மாநில நீதிமன்றத்தில் போராடி, 1993-ல் டெக்ஸஸ் ஒரு ஏற்பாடு செய்தது, பணக்கார மாவட்டங்களின் வரியில் ஒரு பகுதி மற்ற மாவட்டங்களுக்குப் போகும். இன்றும் அதை ‘ராபின் ஹூட்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஆனால் அந்த ரேங்க்கில் ஏழாவது ஊருக்கும் நாற்பதாவது ஊருக்கும் பள்ளியில் அப்படி என்ன வித்தியாசம் இருந்துவிடப் போகிறது? தேர்வு மதிப்பெண்ணை வைத்துப் பள்ளிக்குக் கொடுக்கும் ஸ்கோர், பெரும்பாலும் பெற்றோரின் வருமானத்தையும் படிப்பையும்தான் பிரதிபலிக்கிறது. உங்கள் பெண் உங்களோடுதானே எந்த ஊருக்கும் வரப்போகிறாள். வீட்டில் புத்தகம் இருக்கிறது, பேச அப்பா அம்மாவுக்கு நேரம் இருக்கிறது என்றால் பாதிக்கு மேல் கைவசம் இருக்கிறது. மூச்சுமுட்டும் தவணை அந்த நேரத்தைத்தான் முதலில் தின்னும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். நியூ ஜெர்சியில் வெஸ்ட் விண்ட்சர்-பிளெயின்ஸ்பரோ பள்ளி மாவட்டம் நம் ஆட்கள் தேடிப் போகிற இடம். 2015-ல் அதன் கண்காணிப்பாளர் பெற்றோருக்கு நீண்ட கடிதம் எழுதினார். முந்தைய கல்வியாண்டில் 120 பிள்ளைகளை மனநலப் பரிசோதனைக்குப் பரிந்துரைக்க வேண்டியிருந்தது என்று அதில் இருந்தது. உயர்நிலைப் பள்ளியில் இடைப்பருவ, இறுதித் தேர்வுகளை எடுத்துவிட்டார்கள். நல்லது என்று ஒரு பகுதிப் பெற்றோர் சொன்னார்கள், பிள்ளைகளின் தரம் போய்விடும் என்று இன்னொரு பகுதி சண்டைக்கு வந்தது, அந்த இரண்டாவது பகுதியில் நம் நாட்டிலிருந்து போனவர்கள் நிறையப் பேர். ஆறு வயதுக் குழந்தையை அந்த ஓட்டத்தில் இப்போதே நிறுத்த வேண்டுமா?

நடைமுறைக்கு வருகிறேன். அந்த ஊர்தான் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால் முதலில் வாடகைக்குப் போங்கள். வாடகைக்கு இருப்பவர் பிள்ளைக்கும் அதே அரசுப் பள்ளிதான், அதே உரிமைதான். இரண்டு வருடத்தில் பள்ளி எப்படி, தெரு எப்படி, பெண் அங்கே சந்தோஷமாக இருக்கிறாளா என்று தெரிந்துவிடும். வாங்குவதாக இருந்தால் சொத்து வரி ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நியூ ஜெர்சியில் சராசரி வீட்டுச் சொத்து வரி 2024-ல் 10,000 டாலரைத் தாண்டியது, சில பணக்கார ஊர்களில் அதில் இரண்டு மடங்குக்கும் மேல். தவணை, வரி, காப்பீடு மூன்றையும் கூட்டி, இரண்டு சம்பளத்தில் ஒன்று நின்றாலும் ஆறு மாதம் தாக்குப்பிடிக்க முடியுமா என்று கணக்குப் போடுங்கள். முடியாது என்றால், நாத்தனார் என்ன சொன்னாலும் அந்த வீடு வேண்டாம்.

கேள்வி: ஏக்கர் கணக்கு, மாளிகை எதுவும் இல்லாமல் வருமானத்தில் முதலிடம் பிடிக்கும் ஊர் உண்டா?

உண்டு. நியூ மெக்ஸிகோவில் லாஸ் அலமோஸ். அணு ஆய்வுக்கூடம் இருக்கும் ஊர், விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள். மாநிலத்தின் மற்ற எந்தக் கவுண்டியும் (நம் மாவட்டம் மாதிரி) வருமானத்தில் அதன் பக்கத்தில் வர முடியாது. வர்ஜீனியாவின் லவுடன் கவுண்டி பல வருடமாக நாட்டிலேயே முதல் வரிசையில் இருக்கிறது. தலைநகரை ஒட்டிய அரசு ஒப்பந்த வேலைகள், ஐ.டி., வீட்டுக்கு இரண்டு சம்பளம். அங்கே வரிசை வீடுகளும் ஏராளம்.

கேள்வி: பட்டியலை விட்டுவிட்டு எங்கள் ஊர்க் கணக்கை நாங்களே பார்க்க முடியுமா?

பத்து நிமிட வேலை, காசும் கிடையாது. சென்சஸ் துறையின் தரவு இணையதளத்துக்குப் போய் ஊர்ப் பெயரைப் போடுங்கள். இடைநிலைக் குடும்ப வருமானத்துக்கு B19013 என்ற அட்டவணை, வீட்டு மதிப்புக்கு B25077. இவை இரண்டும்தான் பட்டியல்காரர்கள் எடுப்பது. நீங்கள் கூடவே B25119-ஐயும் எடுங்கள், அதில் சொந்த வீட்டுக்காரர் வருமானம் தனி, வாடகைக்காரர் வருமானம் தனி என்று பிரித்துக் காட்டியிருக்கும். வாடகைக்குப் போக நினைக்கும் குடும்பத்துக்கு அதுதான் பொருத்தமான எண். ஐந்து வருடக் கணக்கைத் தேர்ந்தெடுங்கள், சின்ன ஊருக்கு ஒரு வருடக் கணக்கு வராது. 2020-க்கு வழக்கமான ஒரு வருடக் கணக்கையே வெளியிடவில்லை, கொரோனாவால் பதில்கள் சரியாக வரவில்லை, அந்த வருடம் காலியாக இருந்தால் குழம்ப வேண்டாம். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் கூடக்குறைய என்று ஒரு பத்தி இருக்கும், முதலில் அதைப் படியுங்கள். இரண்டு ஊரை ஒப்பிடும்போது வித்தியாசம் அந்தப் பத்தியில் உள்ள எண்ணை விடச் சின்னதாக இருந்தால், வருமானத்தை வைத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது, வேலைக்குப் போகும் தூரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.